வெயிலா, சர்க்கரையா? வளைகுடாத் தமிழர் அறிய வேண்டிய எச்சரிக்கை அறிகுறிகள்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே, 1960களில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம் ஈசா டவுன். அந்நாட்டின் அன்றைய ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் சல்மான் அல் கலீஃபாவின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்நகரில் பழைய பொருட்கள் விற்கும் சந்தையும், கல்வி நிலையங்களும், வரிசை வரிசையாகக் குடியிருப்புகளும் உள்ளன. பஹ்ரைனில் வாழும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படிக்கும் இந்தியப் பள்ளியின் பெரிய வளாகமும் இங்கேதான் இருக்கிறது.

ஜூலை மாத நண்பகலில் இந்நகரின் தெருக்கள் ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடக்கும். வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும். கடற்காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலர விடாது. கோடைக் காலத்தில் நண்பகல் 12 மணி முதல் மாலை 4 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்ற தடை பஹ்ரைனில் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் ஜூலை, ஆகஸ்ட் ஆகிய இரு மாதங்களுக்கு மட்டும் இருந்த அந்தத் தடை, 2025இல் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மூன்று மாதங்களாக நீட்டிக்கப்பட்டது.

இத்தகைய ஒரு நாளில், தடை நேரம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், வேலைத்தளத்தில் ஒருவர் தள்ளாடி நிழலில் அமர்வதாக வைத்துக்கொள்வோம். உடல் வியர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்கிறார். உடன் இருப்பவர்கள் "வெயில் தாக்கிவிட்டது" என்று தண்ணீர் கொடுத்து, சிறிது நேரம் படுக்க வைக்கிறார்கள். அவர்களுடைய முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்து, காலையில் உண்ணாமல் வேலைக்கு வந்திருந்தால், அவருக்கு உடனே வேண்டியது வெறும் தண்ணீர் அன்று, சர்க்கரை. இந்த வேறுபாட்டை அறியாமல் படுக்க வைக்கப்படுபவர் மீண்டும் எழாமலே போகக்கூடும்.

வளைகுடாவில் வாழும் தமிழர்களுக்கு இரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கம் தனியாகப் பேசப்பட வேண்டிய ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். பிற நாடுகளில் எளிதில் அடையாளம் தெரியும் அறிகுறிகள் இங்கே வெயிலுக்கும் களைப்புக்கும் பின்னால் மறைந்துகொள்கின்றன.

இரு பக்கமும் சுமை

உலகில் நீரிழிவு மிக அதிக விகிதத்தில் காணப்படும் வட்டாரமாக மத்திய கிழக்கையும் வட ஆப்பிரிக்காவையும் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு குறிப்பிடுகிறது. அந்த அமைப்பு 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் 2024இல் 58 கோடியே 90 இலட்சம் வயதுவந்தோர் நீரிழிவுடன் வாழ்ந்தனர்.

தமிழர்கள் இந்த வட்டாரத்துக்கு வெறுங்கையோடு வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் முடிவுகள் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதற்கு முந்திய நிலையில் இருப்பதாகவும் கணித்தது. தமிழ்நாட்டில் அதன் விகிதம் 14.4 சதவீதம்.

தெற்காசியர்களுக்கு இந்நோய், ஐரோப்பியர்களைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடல் எடையிலும் வருகிறது. உடல் பருமனை அளக்கும் குறியீட்டில் ஐரோப்பியருக்கு 25இல் தொடங்கும் எச்சரிக்கை எல்லை, தெற்காசியருக்கு 23 என்று வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஒல்லியாக இருப்பதால் தமக்குச் சர்க்கரை வராது என்று எண்ணும் முப்பது வயதுத் தொழிலாளி தவறாக எண்ணுகிறார்.

புலம்பெயர் வாழ்வு இதனோடு தன் பங்கைச் சேர்க்கிறது. விடியற்காலையில் பேருந்துக்கு ஓட வேண்டியிருப்பதால் காலை உணவு தவறுகிறது. இடையில் இனிப்பான பால் தேநீரும் குளிர்பானமும் பசியை ஆற்றுகின்றன. இரவில் அறைக்குத் திரும்பிச் சமைத்து, பத்து மணிக்கு மேல் வயிறு நிறையச் சோறு உண்டு, உடனே படுக்கை. வேலைமுறை வாரத்துக்கு வாரம் மாறினால் மருந்து வேளையும் மாறுகிறது. வளைகுடா அரசுகளும் இனிப்புப் பானங்களின் கேட்டை உணர்ந்துள்ளன. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் ஆகியவை 2017இல் குளிர்பானங்கள் மீது 50 சதவீதமும் ஆற்றல் பானங்கள் மீது 100 சதவீதமும் வரி விதித்தன.

எந்த அளவு சரி? எந்த அலகு?

ஆரோக்கியமான ஒருவருக்கு, வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். 126ஐ எட்டினாலோ தாண்டினாலோ, மறுசோதனையில் உறுதியானபின், அது நீரிழிவு எனப்படும். இடைப்பட்டது முன்னிலை. குறிப்பிட்ட அறிகுறிகளோடு எந்த வேளையில் பார்த்தாலும் 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவும் நீரிழிவே. மறுபுறத்தில், மருந்து எடுப்பவருக்கு 70க்குக் கீழே இறங்குவது தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே இறங்குவது அபாயம்.

பல நாடுகளில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் இந்த அளவு மில்லிகிராமில் சொல்லப்படுகிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்லப்படுகிறது. வளைகுடாவில் மருத்துவமனைக்கும் கருவிக்கும் ஏற்ப இரண்டையும் காணலாம். மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் எண் கிடைக்கும். 3.9 என்பது 70. 7 என்பது 126. 11.1 என்பது 200. ஊரில் வாங்கிய கருவியில் 120 என்று பார்த்துப் பழகியவர், வேறொரு கருவியில் 16 என்று கண்டு "குறைவாகத்தான் இருக்கிறது" என்று மகிழ்ந்தால், உண்மையில் அவருடைய சர்க்கரை 288 ஆகும். கருவியின் திரையில் எண்ணுக்கு அருகில் உள்ள அலகை முதலில் பார்ப்பது நல்லது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையும் முழு விடையன்று. சராசரி 7 சதவீதம் என்று வரும் இருவரில் ஒருவருக்கு நாள் முழுதும் அளவு சீராக இருக்கலாம். மற்றவருக்குக் காலையில் 60ஆகவும் இரவில் 300ஆகவும் ஊசலாடி, சராசரி மட்டும் அழகாக அமையலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை இந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். இரத்த அணுக்கள் விரைவில் அழியும் நோய்கள் தாழ்த்திக் காட்டக்கூடும். எனவே உடலே தரும் அறிகுறிகளை அறிந்திருப்பது, எத்தனை சோதனை செய்தாலும், தேவையாகிறது.

சர்க்கரை இறங்கும்போது

தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் இரண்டு படிகளில் வருகின்றன. அளவு இறங்கத் தொடங்கியதும் உடல் அட்ரினலின் போன்ற சுரப்புகளை வெளியிட்டு அபாயமணி அடிக்கிறது. கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, முகம் வெளிறுதல், உதட்டைச் சுற்றி மதமதப்பு, காரணமற்ற பதற்றம் ஆகியன முதற்படி.

அப்போது கவனிக்கப்படாவிட்டால் மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காத நிலை வரும். அது இரண்டாம் படி. பேச்சுக் குழறல், கவனச்சிதறல், பார்வை இரட்டையாகத் தெரிதல், எளிய கணக்கில் தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான கோபம் அல்லது பிடிவாதம், நடையில் தள்ளாட்டம், இறுதியில் வலிப்பும் மயக்கமும். இந்தப் படியில் உள்ளவர் தமக்கு ஒன்றும் இல்லை என்று வாதிடுவார். கொடுத்த சர்க்கரையைத் தட்டிவிடுவார். குடித்திருக்கிறார் என்று பிறர் தவறாக எண்ணுவதும் இப்போதுதான்.

உண்மையிலேயே மது அருந்தியவர்களுக்கு அபாயம் இரட்டிப்பாகிறது. பசி வேளையில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரையை உருவாக்கி விடுவிப்பதை மது தடுக்கிறது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுத்தவருக்குப் பல மணி நேரம் கழித்தும் அளவு இறங்கலாம். வாயில் மது வாடை இருப்பதால் அருகில் இருப்பவர் போதை என்றே விட்டுவிடுவார்.

உறக்கத்தில் வரும் தாழ்சர்க்கரைக்குத் தனி அடையாளங்கள் உண்டு. கெட்ட கனவு, தூக்கத்தில் புலம்பல், படுக்கை விரிப்பு நனையும் அளவுக்கு வியர்வை, காலையில் தலைவலியோடும் குழப்பத்தோடும் விழித்தல் ஆகியவை அவை. குளிரூட்டி ஓடும் அறையில் ஒருவர் மட்டும் வியர்வையில் நனைந்து கிடந்தால், அறைத் தோழர்கள் அவரை எழுப்பிப் பார்க்க வேண்டும்.

யாருக்கு இது அதிகம் வருகிறது? இன்சுலின் எடுப்பவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்கும். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் தம் வேலையைச் செய்பவை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடமும் முதியவர்களிடமும் இவற்றின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மாத்திரைகள், நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடக் கூடியவை. வியர்வை மட்டும் பெரும்பாலும் எஞ்சும். வளைகுடாக் கோடையில் அந்த ஒரே அடையாளமும் வெயிலில் கரைந்துபோகிறது. அடிக்கடி தாழ்சர்க்கரைக்கு உள்ளாகும் உடல் நாளடைவில் அபாயமணி அடிப்பதையே நிறுத்திவிடும். முதற்படி இல்லாமல் நேராக இரண்டாம் படிக்கு வந்துவிடும் இவர்கள், வாகனம் ஓட்டுபவர்களாகவோ உயரத்தில் வேலை செய்பவர்களாகவோ இருந்தால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதலுதவி எளிது

நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு உடனடியாக 15 கிராம் சர்க்கரை தரப்பட வேண்டும். தண்ணீரில் கரைத்த மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சீனி, அல்லது அரைக் கோப்பைப் பழச்சாறு, அல்லது அதே அளவு சாதாரணக் குளிர்பானம் போதும். சர்க்கரையற்றது என்று எழுதப்பட்ட பானம் இங்கே பயனற்றது. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அது முதல் தெரிவாக இருக்கக் கூடாது. வளைகுடாவில் எங்கும் கிடைக்கும் பேரீச்சம்பழம் இரண்டு மூன்று, வேறொன்றும் கையில் இல்லாதபோது உதவும். அக்கார்போஸ் என்னும் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி மெதுவாகவே வேலை செய்யும். அவர்களுக்குத் தூய குளுக்கோஸ்தான் வேண்டும்.

15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சரியானபின் ரொட்டியோ சோறோ உண்ண வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரையானால், தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை.

மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதற்கான எண் பஹ்ரைனிலும் கத்தாரிலும் 999, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998, சவூதியில் 997, குவைத்தில் 112, ஓமானில் 9999. ஊரில் உள்ள பெற்றோருக்காக இந்தியாவின் 108ஐயும் இலங்கையின் 1990ஐயும் நினைவில் வைக்கலாம்.

சர்க்கரை ஏறும்போது

உயர்சர்க்கரை ஓசையின்றி வருவது. தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பழைய பெயரே அதன் முதல் அறிகுறியைச் சொல்கிறது: நீர் இழிதல். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீரகம் வெளியேற்றும்போது, அது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை வைத்து நோயை அறிந்த முன்னோரின் கவனிப்பும் இதைத்தான் கண்டது.

வளைகுடாவில் தாகம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே தாகத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. வெயிலால் நீர் வற்றிய உடலில் சிறுநீர் குறையும்; அடர் மஞ்சளாகும். கடும் தாகம் இருந்தும், சிறுநீர் தெளிவாகவும் அடிக்கடியும் நிறையவும் போகிறது, இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது என்றால், குடித்த நீரின் அளவு அதற்குக் காரணமாக இல்லாதபோது, வெயிலைவிடச் சர்க்கரையையே ஐயுற வேண்டும்.

பிற அடையாளங்கள்: உண்டும் எடை குறைதல், ஓயாத களைப்பு, மங்கலான பார்வை, ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் கட்டிகள், பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும், பாதத்தில் எரிச்சல் அல்லது மதமதப்பு. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருப்பது, இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்கவில்லை என்பதன் குறியாக இருக்கலாம். அழுக்கு என்று தேய்த்துக் கழுவினால் அது போகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கொதிக்கும் தரையில் வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளம் வந்ததே தெரியாமல் புண் ஆழமாகிவிடும்.

இங்கிருந்து உயிராபத்துக்குச் செல்லும் வழிகள் இரண்டு. இன்சுலின் மிகவும் குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் அமிலப் பொருட்கள் இரத்தத்தில் சேர்கின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை ஆகியவை அதன் அடையாளங்கள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் படுத்துக்கொள்வது கொடிய தவறாகிவிடும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளை, அதாவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு, கருவியில் சர்க்கரை அதிகமாகத் தெரியாதபோதும் இந்த அமில நிலை வரலாம். பட்டினி கிடப்பதும் உடல் நீர் வற்றுவதும் அதைத் தூண்டுகின்றன.

இரண்டாவது வழி, பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முதியவர்களிடம் காணப்படுவது. சர்க்கரை 600ஐயும் தாண்டி ஏறும். பல நாட்களாக நீர் வற்றி, நாக்கு வறண்டு, மெல்ல மெல்லச் சோர்வும் உறக்கமும் மிகுந்து, நினைவு தப்பும். பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் வளைகுடாவுக்கு வரும் பெற்றோர் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டபின் எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்தால், பயணக் களைப்பு என்று விட்டுவிடலாகாது.

பிள்ளைகளும் விலக்கல்ல. சிறுவரிடம் முதல் வகை நீரிழிவு அதிகமாகக் காணப்படும் நாடுகளில் குவைத்தும் சவூதி அரேபியாவும் அடங்கும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் விட்டுப்போன குழந்தை மறுபடியும் அவ்வாறு செய்தால், வகுப்பில் அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்டால், தண்ணீர்ப் புட்டியை மீண்டும் மீண்டும் நிரப்பினால், உடல் மெலிந்தால், அன்றே சர்க்கரையைப் பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் அமில நிலை வருவதற்கு நாட்கள் போதும், மாதங்கள் தேவையில்லை.

வெயிலா, சர்க்கரையா?

தொடக்கத்தில் சொன்ன மனிதரிடம் திரும்புவோம். வெப்பத் தாக்கில் உடல் கொதிக்கும். வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும். தாழ்சர்க்கரையில் தோல் குளிர்ந்து ஈரமாக இருக்கும். பசியும் நடுக்கமும் முந்தி வரும். ஆனால் கடும் உழைப்பின்போது வெப்பத் தாக்குக்கு உள்ளானவரும் வியர்த்திருக்கக்கூடும் என்பதால் தொட்டுப் பார்த்து மட்டும் தீர்மானிக்க இயலாது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் ஐந்து வினாடிகளில் விடை சொல்லும்.

கருவி இல்லையென்றால்? அவர் நீரிழிவு மருந்து எடுப்பவர் என்று தெரிந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால், தாழ்சர்க்கரை என்றே கொண்டு இனிப்புத் தர வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. உண்மையில் சர்க்கரை ஏறியிருந்தால் அந்த மூன்று தேக்கரண்டி பெரிய தீங்கு செய்யாது. இறங்கியிருந்தால், அது தரப்படாமை உயிரைப் பறிக்கலாம். கூடவே நிழல், குளிர்ந்த நீரால் உடலை நனைத்தல், ஆம்புலன்ஸ் ஆகியவற்றையும் தாமதிக்கக் கூடாது.

வெப்பம் மருந்தையும் பாதிக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோகக் கூடாது. பயன்பாட்டில் உள்ளது, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவைத்த ஊசி மருந்து வீரியம் இழந்துவிடும். வழக்கமான அளவு போட்டும் சர்க்கரை காரணமின்றி ஏறினால் மருந்தின் மீதும் ஐயம் கொள்ளலாம். சோதனைப் பட்டைகளும் வெப்பத்தில் கெட்டுத் தவறான எண்ணைக் காட்டும். மறுபுறம், சூடான தோலில் போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் சேர்ந்து, எதிர்பாராத நேரத்தில் சர்க்கரையை இறக்கவும் கூடும்.

மருந்தின் பெயரால் வரும் குழப்பமும் உண்டு. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வாங்கிவந்த மாத்திரையின் வணிகப் பெயர் ஒன்று. இங்குள்ள மருத்துவர் எழுதித் தந்ததன் பெயர் வேறொன்று. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்பதை அறியாமல் இரண்டையும் விழுங்குபவர் இரட்டை அளவு உண்கிறார். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் பார்ப்பதும், எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுவதும் இதைத் தடுக்கும்.

நோன்புக் காலம்

ரமழானில் நோன்பு நோற்கும் முஸ்லிம் தமிழர்களுக்கும், உணவு வேளை மாறிய அலுவலகங்களில் பணிபுரியும் பிறருக்கும் இது தனிக்கவனம் கோரும் மாதம். 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவாளர்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை, ரமழானில் முதல் வகையினரிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் அதிகரித்ததாகக் கண்டது.

அதன்பின் வகுக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல்கள், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்று கூறுகின்றன. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதும் அவற்றில் வலியுறுத்தப்பட்டுள்ளது. ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி அமைத்துக்கொள்வது முறை. ஏகாதசி, கந்தசஷ்டி விரதங்களுக்கும், தவக்கால ஒறுத்தலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மௌனத்தின் விலை

அறிகுறிகளை அறிந்தும் பலர் வாய் திறப்பதில்லை. காரணம் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்கு வருவோரின் முன்மருத்துவச் சோதனைப் பட்டியலில் இரத்தச் சர்க்கரையும் இடம்பெறுகிறது. வந்தபின்னர் தங்கும் உரிமை வேலையோடும் வேலை கொடுத்தவரோடும் பிணைந்திருக்கிறது. நோயாளி என்று தெரிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற அச்சம், அது நியாயமானதோ அல்லவோ, மனிதர்களை மௌனமாக்குகிறது. ஊரில் வாங்கிய கடனும், தங்கையின் திருமணமும், பாதியில் நிற்கும் வீடும் அந்த மௌனத்தைத் தடிக்கச் செய்கின்றன. மாத்திரையைப் பெட்டிக்குள் ஒளித்து வைப்பவர் மயங்கி விழும்போது, அருகில் உள்ளவர் யாருக்கும் என்ன செய்வது என்று தெரிவதில்லை.

தனி மனிதர் தம் உடலைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வதோடு இந்த விடயம் முடிவதில்லை என்பதை இது காட்டுகிறது. நண்பகல் தடை வெயிலிலிருந்து தொழிலாளியைக் காக்கிறது. வேலை நடுவே உண்ண நேரம், அருகில் கழிப்பறை, மருந்து வைக்கக் குளிர்பெட்டி, நோயைச் சொன்னவரைத் தண்டியாத மேலாளர் ஆகியனவும் அதே காப்பின் பகுதிகளே. கழிப்பறை தொலைவில் இருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் நீரிழிவாளர், தமக்குத் தெரியாமலே ஆபத்தை நெருங்குகிறார்.

முதலாளியிடம் சொல்லத் தயங்குபவர்கூட, அறையில் உடன் உறங்கும் ஒருவரிடமேனும் சொல்லி வைக்கலாம். தாம் உண்ணும் மருந்து எது, சர்க்கரை இறங்கினால் தம் முகமும் பேச்சும் எப்படி மாறும், எதைக் கொடுக்க வேண்டும், எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்ற நான்கு செய்திகள் போதும். அவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி அடையாள அட்டையுடன் வைத்துக்கொண்டால், மொழி தெரியாத ஊரில் அந்நியர் ஒருவருக்கும் அது வழிகாட்டும்.

1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்ட நாளிலிருந்து, நீரிழிவு கட்டுப்படுத்தி வாழக்கூடிய நோயாகிவிட்டது. மருந்து கிடைக்கும் இக்காலத்தில் உயிரைக் காப்பது பல வேளைகளில் பெரிய மருத்துவம் அன்று. பக்கத்துக் கட்டிலில் உறங்குபவர் ஏன் இப்படி வியர்க்கிறார் என்று கேட்டு எழுந்து பார்க்கும் ஒருவரும், சட்டைப் பையில் இருக்கும் ஒரு பொட்டலம் சீனியும் போதும்.